பொத்தானுக்கும் அஞ்சுவார் உளர்

சென்ற ஆவணி மாதம் உறவினர் ஒருவரின் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். பந்தியில் எனக்கு அருகே வந்தமர்ந்த இளைஞர் ஒருவர், "சேர், என்னை நினைவிருக்கிறதா?" என்று வினவினார். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணாக்கரைப் பார்க்கும் ஆசிரியனுக்கு முகங்கள் மறந்துபோவது இயல்பு. ஆனால் அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்தில் குருதி வகை காணும் பயிற்சி நடந்தபோது, பக்கத்திலிருந்த மாணவனின் விரல் நுனியில் அரும்பிய ஒரு துளிக் குருதியைக் கண்டதும் வெட்டுண்ட வாழைபோலச் சாய்ந்தவர் அவர். முகத்தில் நீர் தெளித்து எழுப்பினோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கு மறைப்பதற்கில்லை. மறுநாள் அவருடைய தந்தையார் என்னை வந்து கண்டபோது, "குருதிக்கு அஞ்சுகின்ற பிள்ளை வைத்தியனாவது எங்ஙனம்? வர்த்தகப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள்" என்று பெரிய அறிவாளியைப்போல ஆலோசனையும் கூறினேன். அவ்வாறே மாற்றிவிட்டார்கள்.

இன்று அவர் ஒரு கணக்காளர். பாயசம் வந்தபோது கையால் இலையை மறைத்துக்கொண்டார். காரணம் கேட்டேன். தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு என்றும், தமக்கும் சில மாதங்களாகத் தாகமும் களைப்பும் இருந்துவருகின்றன என்றும் சொன்னார். "சோதித்துப் பார்த்தீரா?" என்றேன். "ஊசியைக் கண்டால் விழுந்துவிடுவேன், சேர். உங்களுக்குத் தெரியுந்தானே" என்று சிரித்தார். பத்து ஆண்டுகளாக அவர் ஒருமுறையேனும் குருதிப் பரிசோதனை செய்துகொண்டதில்லையாம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் தொடக்கம் இந்த அச்சநோய்களைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படிக்கலானேன். அவற்றுள் சிலவற்றையே இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அச்சம் என்பது உயிர்க்கு இயல்பானது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினை வகுத்தார். நான்கும் தீங்கு செய்யும் ஆற்றலுடையவை. அவற்றுக்கு அஞ்சுதல் அறிவுடைமையே. ஆனால் திறந்த வெளியைக் கடக்க அஞ்சுகிறவனையும், பஞ்சைத் தொட நடுங்குகிறவளையும், சட்டைப் பொத்தானைக் கண்டு வெருளும் சிறுவனையும் இந்த நான்கனுள் எதில் அடக்குவது? உண்மையான ஆபத்துக்குச் சற்றும் ஒவ்வாத அளவினதாய், மாதக்கணக்காய் நீடிப்பதாய், அஞ்சும் பொருளை விட்டு விலகுவதற்காக வாழ்க்கையையே வளைத்துக்கொள்ளச் செய்வதாய் உள்ள அச்சத்தையே உளவியலார் போபியா என்கின்றனர். கிரேக்கரின் போர்த் தெய்வத்துக்கு மகனான போபொஸ் என்னும் அச்சத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது. இந்நோயாளர் மூடர் அல்லர். தம் அச்சம் பொருளற்றது என்பதை அவர்களுள் மிகப் பலர் நம்மைவிட நன்றாக அறிவர். அறிந்தும் அஞ்சுவதே அவர்களுடைய துன்பம்.

இது புதிய நோயுமன்று. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிறற்றீசின் பெயரால் வழங்கும் பழைய ஏடுகளிலே நிக்கானோர் என்னும் ஒருவனைப் பற்றிய குறிப்பு உண்டு. இரவு விருந்திலே குழலூதும் பெண்ணின் இசை எழுந்ததும் அவனை அச்சம் பற்றிக்கொள்ளும். அதே குழலைப் பகலிற் கேட்டால் ஒன்றும் செய்யாது! உரோமப் பேரரசர் ஒகஸ்தஸ் இடி மின்னலுக்கு அஞ்சி, எங்குச் சென்றாலும் கடல்நாய்த் தோல் ஒன்றைக் காப்பாக உடன் கொண்டுசென்றார் என்றும், புயலின் அறிகுறி கண்டதும் நிலவறைக்குள் ஒளிந்துகொள்வார் என்றும் வரலாற்றாசிரியர் சுவெற்றோனியஸ் எழுதியிருக்கிறார். ஸ்பெயின் நாட்டுப் போரின்போது, இரவுப் பயணமொன்றில் மின்னலொன்று அவருடைய பல்லக்கை உரசிச்சென்று, முன்னே விளக்குப் பிடித்துச் சென்ற அடிமையைக் கொன்றுவிட்டதாம். உலகை ஆண்டவனுக்கும் அந்த ஒரு கணம் மறக்கவில்லை. நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் கதைகளை எழுதிய டென்மார்க்கு நாட்டு ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன், தீப்பிடித்தால் யன்னல் வழியே இறங்குவதற்கென்று பயணப்பெட்டியிலே கயிறொன்றைக் கொண்டு திரிந்தார். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைத் தொட்டது ஒரு பொத்தானின் கதை. (யாழ்ப்பாணத்தார் தெறி என்பதும் இதுவே.) அமெரிக்காவிலே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை உளவியலாளரிடம் அழைத்து வந்தனர். 2002ஆம் ஆண்டில் மருத்துவச் சஞ்சிகையொன்றில் அவன் வரலாறு வெளியாயிற்று, பெயர் சொல்லப்படவில்லை. ஐந்து வயதிலே பாலர் வகுப்பில் பொத்தான்களை ஒட்டிச் சித்திர வேலை செய்துகொண்டிருந்தான். கையிலிருந்தவை தீர்ந்துபோகவே, ஆசிரியையின் மேசையிலிருந்த கிண்ணத்திலிருந்து எடுத்துவர எழுந்து சென்றான். கை வழுக்கியது. கிண்ணத்திலிருந்த பொத்தான்கள் யாவும் அவன் மேலே கொட்டுண்டன. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அன்று தொடக்கம் பொத்தான் வைத்த ஆடையை அவனாக அணிய இயலவில்லை. பாடசாலைச் சீருடையிலோ பொத்தான்கள்! அவை உடலிற் படாதபடி காப்பதிலேயே கருத்தெல்லாம் செலவாகிப் பாடத்தில் மனம் செல்லவில்லை. பொத்தான் வைத்த உடையோடு தாய் வந்தால் அவளைக் கட்டியணைப்பதும் அவனுக்கு அரிதாயிற்று.

உளவியலார் முதலில் வழக்கமான முறையைக் கையாண்டனர். அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகப் பழக்குவது அம்முறை. சிறுவன் பொத்தான்களைத் தொடத்தான் செய்தான். ஆனால் தொடத்தொட வேதனை மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. பின்னர் ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவன் உள்ளத்தில் இருந்தது முழுவதும் அச்சமன்று, அருவருப்பு! பொத்தான் அவனுக்கு நாற்றமுடைய, தொடக்கூசும் ஒரு பொருள். அதன்மேல், நூற்றுக்கணக்கான பொத்தான்கள் தன்மீது பொழிவதாகவும், அவற்றின் தோற்றத்தையும் தொடுகையையும் மணத்தையும் மனத்திலே கண்டு, அவ்வெண்ணத்தோடு பொருந்தியிருக்கவும் பயிற்றினர். வேதனை தணிந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சீருடையின் பொத்தான்களைத் தானே அணிந்து பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தான்.

அருவருப்பு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. நெருங்கிய சிறு துளைகளைக் கண்டால் உடல் கூசுவோர் உளர். இதனை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டும் முதற்படம் எது தெரியுமா? நமது தாமரையின் காய்! மலரைக் கண்டு மகிழும் கண்ணே, இதழுதிர்ந்தபின் விதைக்குழிகளோடு நிற்கும் பொகுட்டைக் கண்டு கூசுகிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2013இல், நச்சு உயிர்களின் உடற்புள்ளிகளுக்கும் இத்துளைகளுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டென்றனர். தோல்நோய்களின் கொப்புளங்களை நினைவூட்டுவதே காரணம் என்று பின்வந்தோர் கூறினர். பின்னையதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அம்மைத் தழும்பைக் கண்டு விலகிய முன்னோரின் வழிவந்தவரல்லமோ நாம்!

அச்சத்தை ஊட்டவும் முடியும், மாற்றவும் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. முன்னையதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1920இல் யோன் வாட்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய மாணவியார் ரோசலி ரேயினரும் வெளியிட்ட ஆராய்ச்சி அது. பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடக் கை நீட்டும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புச் சலாகையைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறைகளிலேயே எலியைக் கண்டதும் குழந்தை அழத் தொடங்கிற்று. பின்னர் முயலையும் நாயையும் உரோம ஆடையையும் கண்டு அழுதது. அந்த அச்சத்தை நீக்கு முன்னரே குழந்தை அவ்விடத்தைவிட்டு அழைத்துச் செல்லப்பட்டுவிட்டது. விஞ்ஞானத்தின் பெயராலாயினும் எந்தத் தாய் இதனைப் பொறுப்பாள்? நான்கு ஆண்டுகளின் பின் மேரி கவர் யோன்ஸ் என்னும் அம்மையார் மறுபக்கத்தைக் காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீற்றர் என்னும் சிறுவன் விருப்பமான தின்பண்டத்தைச் சுவைத்துக்கொண்டிருக்கையில், கூட்டிலிருந்த முயலை நாள்தோறும் சிறிது சிறிதாக அண்மையிற் கொண்டுவந்தார். ஈற்றில் முயலைத் தடவிக் கொடுத்தான் சிறுவன். இன்றைய சிகிச்சைகளுக்கு இதுவே வித்து.

பிறர் அஞ்சுவதைப் பார்த்தும் அச்சம் தொற்றும். சூசன் மினேக்கா என்னும் உளவியலாளரும் துணைவர்களும் 1980களில் ஆய்வுகூடத்திற் பிறந்து வளர்ந்த குரங்குகளை வைத்து இதனைக் கண்டனர். அவை பாம்புக்கு அஞ்சவில்லை. காட்டிற் பிறந்த குரங்கு பாம்பைக் கண்டு வெருள்வதைப் பார்த்த பின்னரோ தாமும் அஞ்சின. ஆனால் அதே குரங்கு மலரைக் கண்டு வெருள்வதுபோலப் படத்தைத் திருத்திக் காட்டியபோது மலருக்கு அஞ்சக் கற்கவில்லை! கரப்பான் பூச்சியைக் கண்டு கதிரைமேல் ஏறும் தாய்மார் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக. பக்கத்தில் நிற்கும் பிள்ளை பூச்சியைப் பார்ப்பதில்லை, தாயின் முகத்தையே பார்க்கிறது.

அச்சத்தை வளர்ப்பது விலகியோடுதலே. ஒவ்வொரு முறை விலகும்போதும் நெஞ்சில் ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதி, "விலகியதாலேதான் தப்பினாய்" என்று உள்ளத்துக்குப் பொய்யான பாடத்தைக் கற்பிக்கிறது. என் மாணவர் பத்து ஆண்டுகளாகக் கற்ற பாடம் இதுவே.

ஆயினும் அவருடைய நோய் மற்றவற்றினின்றும் வேறானது. பாம்பையோ உயரத்தையோ கண்டு அஞ்சுபவர் பொதுவாக மயங்கி விழுவதில்லை. அவர்களுடைய இதயம் விரைந்து துடிக்கிறது, குருதியமுக்கம் உயர்கிறது. குருதிக்கு அஞ்சுபவருக்கோ அமுக்கம் முதலிற் சற்றே உயர்ந்து, பின் சடுதியாக வீழ்கிறது. மூளைக்குச் செல்லும் குருதி குறைவதால் மயக்கம் வருகிறது. குடும்பவழியாகவும் இது பெரிதும் வரும். கோழைத்தனத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஏனைய அச்சநோயாளரிடம் "உடலைத் தளரவிடு" என்பது நல்ல புத்தி; இவரிடம் அதைச் சொன்னால் விரைவாக விழுவார்! சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரன் ஒஸ்த் 1980களில் இதற்கு நேர்மாறான வழியை வகுத்தார். கை, உடல், கால் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடிகள் இறுக்கி, முகத்தில் வெம்மை ஏறியதும் இயல்பு நிலைக்கு விட்டு, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் இறுக்குதல். அவ்வாறு இறுக்குவதால் அமுக்கம் வீழாது நிற்கிறது. முதலில் வெறுமனே பயின்று, பின்னர் குருதியின் படத்தைப் பார்த்தவாறு பயின்று, அதன்பின் ஊசிக்கு முன் செல்லவேண்டும்.

இதனைப் படித்த அன்றே அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தேன். ஒரு வைத்தியரையும் உளவள ஆலோசகரையும் பார்க்கும்படி வற்புறுத்தினேன். இரண்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. சென்ற வியாழக்கிழமை மாலை அவரே அழைத்தார். படுத்திருந்தபடி, கால்களை இறுக்கிக்கொண்டு, குருதி கொடுத்தாராம். தாதி கையைத் தட்டிப் பாராட்டினாளாம். சர்க்கரை கூடத்தான் இருக்கிறது, மாத்திரை தொடங்கியாயிற்று.

"ஆனால் விழவில்லை, சேர்" என்றார்.

வர்த்தகப் பிரிவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.