கட்டு மாற்றுவது கை வேலை மட்டுமா?

மருத்துவமனையில் நர்ஸ் என்ன செய்கிறார் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஊசி போடுவாங்க, மாத்திரை குடுப்பாங்க, கட்டு மாத்துவாங்க" என்பார்கள். கட்டு மாற்றுவது வெறும் கை வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அது முதலில் கண் வேலை, அடுத்து பேனா வேலை, அதற்குப் பிறகுதான் கை வேலை. பழைய கட்டைப் பிரித்ததற்கும் புதுக் கட்டு போடுவதற்கும் நடுவில் உள்ள சில நிமிடங்களில் அவர் எதைப் பார்க்கிறார், எதை எழுதி வைக்கிறார் என்பது மருந்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

அப்படி என்னதான் பார்க்க வேண்டும்?

முதலில் அளவு. தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் நோக்கி நீளம், அதற்குக் குறுக்கே அகலம், கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியால் ஆழம். புண்ணை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டு தலைப்பக்கத்தை 12 மணி என்று வைத்துக்கொள்வார்கள். "3 மணிப் பக்கம் தோலுக்கு அடியில் 2 செ.மீ. உள்ளே போகிறது" என்று எழுதினால் அடுத்து வரும் யாருக்கும் சந்தேகமே வராது.

அடுத்து நிறம். சிவப்பாக, ஈரமாக, பொடிப்பொடியாகத் தெரிந்தால் புதுச் சதை வளர்கிறது. மஞ்சளாகப் படிந்திருந்தால் அழுகல். கறுப்பு என்றால் செத்துப்போன திசு. பிறகு கசிவு: தண்ணீர் போலவா, ரத்தமா, சீழா, எவ்வளவு? வாடையைப் புண்ணைக் கழுவிய பிறகுதான் கணிக்க வேண்டும், ஏனென்றால் பழைய கட்டுக்கே ஒரு வாடை உண்டு. விளிம்பு உள்நோக்கி வளர்கிறதா, சுருண்டு நிற்கிறதா? சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்திருக்கிறதா? வலி 0 முதல் 10 வரை எத்தனை?

நீரிழிவுக்காரர்களிடம் இந்தக் கடைசிக் கேள்வி ஏமாற்றிவிடும். நரம்பு மரத்துப்போன பாதத்தில் எவ்வளவு மோசமான புண்ணும் வலிக்காமல் இருக்கலாம். அங்கே வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல!

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். கேஸ் ஷீட்டில் "டிரெஸ்ஸிங் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதி முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. நர்ஸ் வேலை செய்தார் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். புண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு நாளில் மூன்று டூட்டி மாறுகிறது. நேற்று பார்த்தவர் இன்று விடுப்பில் இருக்கலாம். "கொஞ்சம் பரவாயில்லை" என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் எதோடு ஒப்பிடுவது? 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் என்றிருந்த புண் நான்கு வாரத்தில் 4 செ.மீ., 3 செ.மீ. ஆனது என்று எழுதியிருந்தால், பெருக்கிப் பார்த்தாலே தெரியும்: 24 என்பது 12 ஆகியிருக்கிறது, அதாவது பாதி. நீரிழிவுப் பாதப் புண்களில் இந்தப் பாதிக்கணக்கு முக்கியமானது. நான்கு வாரத்தில் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையாத புண், 12 வாரத்தில் ஆறுவது கடினம் என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்போதே சிகிச்சையை மாற்ற யோசிக்க வேண்டும். எண் எழுதாத இடத்தில் அந்த எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது.

நம் ஊருக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. படுக்கைப் புண்ணின் முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. "விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு" என்று பாடப்புத்தகங்கள் அதை வர்ணிக்கும். நம்மில் பலருடைய கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? அங்கே தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடா, குளிர்ச்சியா? கெட்டியா, கொழகொழப்பா? வலிக்கிறதா? கண்ணை மட்டும் நம்பினால் தோல் உடைந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

புண் வருவதற்கு முன்பே ஆபத்தை அளக்கவும் வழி இருக்கிறது. 1987-ல் வெளியான பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், உடல் அசைவு, உணவு, உராய்வு என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது. மொத்தம் 6 முதல் 23 வரை வரும், மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து அதிகம். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கு?" என்று நர்ஸ்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வார்டு நிறைய நோயாளிகளை வைத்துக்கொண்டு இரவு டூட்டியில் தனியாக நிற்பவரிடம் ஸ்கேல் எடுத்து அளக்கச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். ஆகவே நான் குறை சொல்வது அவர்களை அல்ல. போதுமான நர்ஸ்களை நியமிக்காமல், எழுதுவதற்கு ஓர் ஒழுங்கான படிவம்கூடக் கொடுக்காமல், புண் பெரிதான பிறகு "சிஸ்டர் கவனிக்கலை" என்று கை காட்டும் நிர்வாகத்தைத்தான். அளவு, நிறம், கசிவு, வாடை, விளிம்பு, வலி என்று கட்டம் போட்ட ஒரு தாள் இருந்தால் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். அளவை வாரம் ஒருமுறை எடுத்தாலும் போதும். மற்றவற்றை ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் பார்த்துக் குறிக்கலாம்.

நாமும் ஒன்று செய்யலாம். வீட்டில் யாராவது புண்ணோடு படுத்திருந்தால், "சிஸ்டர், எப்ப ஆறும்?" என்று கேட்பதைவிட, "சிஸ்டர், போன வாரம் எத்தனை செ.மீ. இருந்துச்சு, இப்ப எத்தனை?" என்று பணிவாகக் கேளுங்கள். எப்போது ஆறும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எத்தனை செ.மீ. என்பதை அளந்தால் சொல்லிவிடலாம். நாலு பேர் இப்படிக் கேட்க ஆரம்பித்தால், படிவமும் ஸ்கேலும் தானாக வார்டுக்கு வந்து சேரும் என்பது என் நம்பிக்கை.