தொழுநோயும் தொழில்செய் கையும்

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடும் என்றே நெடுங்காலம் பலரும் நம்பினர். அஃது உண்மையன்று என விளக்கிக் காட்டியவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய சத்திரவைத்தியர் போல் பிராண்ட் ஆவார். 1873இல் ஹான்சன் கண்ட கிருமி நரம்புகளைத் தாக்க, கை நோவறியும் ஆற்றலை இழக்கின்றது, விரல்கள் மடங்குகின்றன. சூடு தெரியாது கலத்தைப் பற்றுவதாலும், புண்பட்ட கையை ஓய்வின்றி வருத்துவதாலுமே பெரும்பாலும் விரல்கள் சிதைகின்றன. நோவும் நமக்கொரு காவலன் அன்றோ!

செயலுள்ள தசையின் நாணை இடமாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை அவர் மீண்டும் இயங்கச் செய்தார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்த கூட்டுமருந்துகள் கிருமியையும் ஒழிக்கின்றன. ஆயினும், நிமிர்ந்த கைக்குத் தொழில் கொடுப்பார் இல்லையெனின் இவற்றாற் பயன் யாது? கிருமி ஒழிந்த நாளன்று, கை தொழிலுக்குத் திரும்பும் நாளே நோய் தீர்ந்த நாள் என்பது நம் துணிபு.

இலங்கையில் இன்றும் புதிய நோயாளர் காணப்படுகின்றனர். வைத்தியராயும் ஆசிரியராயும் தொழில் வழங்குவோராயும் விளங்கும் பழைய மாணவர்காள்! உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் மறைக்கவிடாது உடனே வைத்தியசாலைக்கு அனுப்புவோம்; குணமடைந்தோரை அஞ்சாது அருகிருத்துவோம். நோயாளியின் கை உணர்விழக்கலாம். கற்றோர் நெஞ்சம் உணர்விழத்தல் தகாது.