தராசும் தமிழும்

சென்னையிலிருந்து 2020 ஆகஸ்டில் கடலடிக் கேபிள் வந்தபின், நம் தீவுப் பிள்ளைகளிடம் கைப்பேசி விளையாட்டுகள் பெருகிவிட்டன. எல்லாமே கேடு என்று ஒதுக்குவது முறையன்று என்பது என் கருத்து.

ஜப்பானில் 2007-இல் வெளியாகி, 2018-இல் கைப்பேசிக்கும் வந்த ‘பேராசிரியர் லேட்டன்’ மர்ம விளையாட்டில் ஒரு புதிர்: 8 எடைக்கற்களில் ஒன்று மட்டும் இலேசு. தராசை இரண்டே முறை பயன்படுத்தி அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்கு நான்காக வைத்தால் மூன்று முறை ஆகும். மும்மூன்றாக வைத்து, இரண்டை வெளியே விடுங்கள். தட்டுகள் சமமானால், வெளியிலுள்ள இரண்டையும் எடைபோட்டால் போதும். ஒரு தட்டு உயர்ந்தால், அந்த மூன்றில் இரண்டை எடைபோடுங்கள். அவையும் சமமென்றால் மூன்றாவதே இலேசு. தட்டில் ஏறாத கல்லும் விடை சொல்கிறது!

வீடியோவில் விடையைப் பார்த்துக் கல்லை வைப்பதில் பயனில்லை. காரணம் சொல்லத் தெரிய வேண்டும். பள்ளியில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி என்று வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும், தமிழில் காரணம் சொல்லத் தடுமாறுகிறார்கள். ‘சீர்தூக்கிப் பார்’ என்ற சொல்லே தராசில் பிறந்ததுதானே!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: விளையாடட்டும். ஆனால், விடையை நமக்குத் தமிழில் விளக்கிய பிறகே அடுத்த புதிருக்குப் போகட்டும்.