போர்டு போச்சு சார்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்க வீட்டு வாஷிங் மெஷின் பாதித் துவையலில் நின்றுவிட்டது. உள்ளே ரெண்டு பெட்ஷீட், பையனோட யூனிஃபார்ம், கண்ணாடிக் கதவு வரைக்கும் சோப்புத் தண்ணீர். கதவும் திறக்கலை. தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏழு வருஷத்துக்கு முன்னாடி "டாப் லோடே போதும்"னு சொன்னவர் அவர். ஃப்ரண்ட் லோடுதான் வேணும்னு அடம்பிடிச்சது அடியேன் :-)

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன் (பேர் வேண்டாமே). செவ்வாய்க்கிழமை ஒரு தம்பி வந்தார். சுவிட்சைப் போட்டார், திரையில வந்த எழுத்தைப் பார்த்தார், அஞ்சே நிமிஷம்தான். "போர்டு போச்சு சார். பத்தாயிரம் கிட்ட ஆகும். ஏழு வருஷ மெஷினுக்கு எதுக்கு இவ்ளோ செலவு? எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க." விசிட்டிங் சார்ஜை வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். ஒரு மூடியைக்கூட அவர் திறந்து பார்க்கலை என்பது எனக்கு அப்போ உறைக்கவே இல்லை.

அம்மா மொட்டை மாடியில் துவைக்க ஆரம்பிச்சாங்க. 68 வயசு, முட்டி வலி வேற. "நான் துவைக்கிறேன்மா"ன்னா, "நீ துவைச்சா நான் மறுபடி துவைக்கணும், போடா"ன்னு பதில். பார்க்கப் பொறுக்காம, மாசத் தவணை எவ்ளோ வரும்னு கணக்குப் போட ஆரம்பிச்சேன்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தண்ணி உள்ளயே நிக்குதே, வெளிய போற வழியைப் பாத்தியா?"

பார்க்கலை.

முதலில் பிளக்கைப் பிடுங்கினோம். மெஷினுக்குக் கீழே வலது மூலையில் ஒரு சின்ன மூடி. அதுக்குள்ள இருந்த குட்டி ட்யூப் வழியா தண்ணியை வடிச்சோம். (நாலு நாள் ஊறின தண்ணி. கேப்டன் காட்டன் கால்வாய் தோத்துது.) ஃபில்டரைத் திருகி எடுத்தா, ஒரு ரெண்டு ரூபா காசு, ஒரு ஹேர்பின், ஒரு பட்டன், எல்லாத்தையும் சேர்த்துக் கட்டின நூல் உருண்டை. கழுவி மாட்டினோம். ஓடிடுச்சு! செலவு பூஜ்யம். வரவு ரெண்டு ரூபாய்.

விஷயம் ரொம்ப எளிது. தண்ணீர் வடியாதவரை டிரம் வேகமா சுத்தாது, கதவும் திறக்காது. அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. போர்டு போனதால் மெஷின் நிற்கவில்லை. போர்டு ஒழுங்கா வேலை செஞ்சதாலதான் நின்றது!

என் கட்சி இதுதான்: கோளாறைச் செலவு இல்லாத இடத்திலிருந்து தேட ஆரம்பிக்கணும். தண்ணி வடியலையா, ஃபில்டரையும் டிரெயின் பைப்பில் மடிப்பு இருக்கான்னும் பாருங்க. தண்ணி வரலையா, குழாயை மூடிட்டு, மெஷின் பின்னாடி இன்லெட் பைப் சேர்ற இடத்தில் இருக்கிற சின்ன வலையைக் கழட்டிப் பாருங்க. எம்.கே.பி. நகர்ல நம்ம தொட்டி வண்டலும் போர் தண்ணி உப்பும் அங்கேதான் குடியிருக்கும். வலை சுத்தமா இருந்தும் தண்ணி மெதுவா வந்தா, தொட்டி உயரம் போதுமான்னு யோசிக்கணும். பத்து மீட்டர் உயரத் தண்ணிக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம். மாடி வீட்டுக்காரங்க பலருக்கு வில்லன் இதுதான்.

அதுக்காகப் பின்பக்கத்தைக் கழட்டி கையை விடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும். ஷாக் அடிச்சாலோ கருகல் வாசனை வந்தாலோ ஆளைக் கூப்பிடுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்த மாதிரி மறுபடி வந்தா, நனைஞ்ச மெஷினை ஆள் பார்க்காம ஆன் பண்ணவே கூடாது.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபமில்லை. ரிப்பேர் பண்றதைவிடப் புதுசு விக்கிறது லாபம் என்று ஆகிப்போன வியாபாரத்தின் மேலதான் கோபம். ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கு. வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனி, அந்த மாடலின் கடைசி மெஷினைச் சந்தைக்கு அனுப்பிய பிறகும் குறைஞ்சது 10 வருஷம் முக்கியமான உதிரிபாகங்களைக் கொடுத்தாகணும். இங்கேயும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது, அதே டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. நல்லதுதான். ஆனா எங்க தெரு மெக்கானிக் கடைக்கு நியாயமான விலையில் போர்டு வந்து சேர்ந்தால்தான் அது உரிமைன்னு நான் ஒத்துக்குவேன்.

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறதைச் செய்வோம். "எதை வச்சு போர்டுன்னு சொல்றீங்க?"ன்னு கேளுங்க. மாத்தின பழைய பார்ட்டைக் கேளுங்க. பில் கேளுங்க, பில் தராம இருக்கிறதே 2019 நுகர்வோர் சட்டப்படி தப்பு. மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த ரெண்டு ரூபாயை அம்மா கழுவி சாமி உண்டியல்ல போட்டுட்டாங்க. தங்கமணி மட்டும் இன்னும் டாப் லோடு கட்சிதான்.