வீடு போன பின்னும் கடனா?

விருதுநகரை அடுத்த சூலக்கரை முதல் சிவகாசி வரையுள்ள ஊர்களில், பட்டாசு வேலையை நம்பி வீட்டுக் கடன் வாங்கினவர்கள் அனேகர். 2018ம் வருஷம் அக்டோபரில், பட்டாசில் பேரியம் உப்புச் சேர்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் உத்திரவிட்டதன் பேரில், ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. கூலி நின்றால் தவணை நிற்கும். தவணை நின்றால் வீடு ஏலத்துக்கு வரும். இதில் அதிசயமொன்றுமில்லை. வீடு போன பிறகும் கடன் போகாமலிருப்பதுதான் நமது ஜனங்களைத் திகைக்க வைக்கிறது.

உதாரணமாக, பாக்கி 9 லட்சம். வீடு ஏலம் போனது 6 லட்சம். செலவு 30 ஆயிரம். மீதி 3 லட்சத்து 30 ஆயிரத்தையும் கேட்கலாமென்று 2002ம் வருஷத்திய சர்பாசி சட்டம் சொல்லுகிறது. ஆனால், கேட்பதற்கும் முறையுண்டு. 20 லட்சத்துக்கு மேற்பட்ட பாக்கிக்குக் கடன் வசூல் தீர்ப்பாயம். அதற்குக் குறைந்தால் சிவில் கோர்ட்டு. வாசலில் வந்து கூச்சல் போடுகிறவன் கோர்ட்டு அல்ல. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல் ஆட்கள் போனிலும் தொந்தரவு செய்யக் கூடாதென்பது ரிசர்வ் பாங்கியின் விதி.

ஆகவே தோழர்களே, பயப்படுவதற்கு முன் கணக்குக் கேளுங்கள். வீட்டை மதிப்பிட்டது யார்? ஏலத்துக்கு 30 நாள் நோட்டீசு கொடுத்தார்களா? ஏலத்தொகை முழுவதும் கணக்கில் வரவாயிற்றா? அதன்பிறகும் வட்டி எந்தத் தொகைக்கு ஏறுகிறது? இவற்றை எழுத்தில் கேளுங்கள். கணக்குப் பார்க்காமல், "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்; காலவரம்புக்குள் அப்படி எழுதிக் கொடுத்தால் கெடு புதிதாக ஓடத் தொடங்கும். வீடு இன்னும் போகாதவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். முதல் நோட்டீசுக்கு 60 நாள் கெடு உண்டு. அந்த 60 நாளையும் ஜோசியனிடத்திலும் பரிகாரத்திலும் செலவழித்துவிட்டு, பிறகு தலைவிதி என்று அழுவதில் என்ன பிரயோஜனம்? அந்தக் காசை வக்கீலுக்காவது கொடுக்கலாமல்லவா? அதற்கும் வழியில்லாத தொழிலாளருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டவர்களுக்கும் இலவச சட்ட உதவி கொடுக்க 1987ம் வருஷத்திய சட்டமே இருக்கிறது.

இன்னொரு பூச்சாண்டி இருக்கிறது. தகப்பன் கடனை மகன் தீர்க்காவிட்டால் தகப்பனுக்கு மேலுலகத்தில் கதியில்லையாம்! இது கிழவிக் கதையல்ல. கோர்ட்டுகளே இந்து லா என்ற பேரால் ஒப்புக்கொண்டிருந்த சங்கதியாகும். இந்தச் சாஸ்திரக் கடமையை மட்டும் காரணமாகக் காட்டி மகன் மீதோ பேரன் மீதோ பாத்தியம் கொண்டாட முடியாதென்று 2005ம் வருஷம் செப்டம்பர் 9ந் தேதி முதல் சட்டம் மாறிவிட்டது. அதற்கு முந்திய கடன்களுக்கு மாத்திரம் பழைய விதி. மகன் தானே கையெழுத்துப் போட்டிருந்தால் பொறுப்புண்டு. தகப்பன் சொத்து வந்திருந்தால் அந்த அளவுக்குப் பொறுப்புண்டு. நரகத்துக்குப் பயந்து ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

சிறைக்கும் பயப்பட வேண்டாம். கொடுக்கச் சக்தியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுத்தாலன்றி, வெறும் ஏழ்மைக்காகக் கடனாளியைச் சிறையிலடைக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1980லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் தற்காப்புத்தான். வீட்டை மதிப்புப் போட்டுக் கடன் கொடுத்தவன், மதிப்புக் குறைந்தால் நஷ்டத்தில் பங்கு கொள்ளாமல் எல்லாவற்றையும் கூலிக்காரன் தலையிலேயே கட்டுவது எந்த நியாயம்? அமெரிக்காவில் கலிபோர்னியாவில், குடியிருக்க வீடு வாங்கிய கடனுக்கு, வீடு போன பின் மீதியைக் கேட்கக் கூடாதென்று சட்டமிருக்கிறது. இங்கு ஏன் கூடாது?

1931ல் சுயமரியாதை மகாநாடு கூடிய விருதுநகர்ப் பக்கத்துத் தோழர்கள் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். கடன் பாவமுமல்ல, விதியுமல்ல, கணக்கு. கணக்கைக் கேட்பவனுக்கு மானக்கேடு ஒன்றுமில்லை.