இலவசமும் சுதந்திரமும்: பிரக்டல் செய்நிரல்கள் குறித்து ஒரு மறுப்பு

விலையின்றிக் கிடைக்கும் கணனிச் செய்நிரல் யாவும் சுதந்திரமான செய்நிரலே என்றொரு கருத்து கற்றோர் மத்தியிலும் வேரூன்றியுள்ளது. பணம் கேட்கவில்லை, பிரதி எடுப்பதைத் தடுக்கவில்லை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அக்கருத்தினர் வினவுவர். வினா நியாயமானது போலத் தோன்றினும் அடிப்படையிலே தவறானது. பிரக்டல் உருவங்களை வரையும் செய்நிரல்களைக் கொண்டு இதனை நிறுவுதல் எளிது. ஏனெனில் ஈகையும் கட்டுப்பாடும் ஒருங்கே காணப்படும் துறை அது.

எத்துணை சிறிய பகுதியைப் பெருப்பித்து நோக்கினும் மேலும் மேலும் நுண்விவரங்களைக் காட்டும் வடிவமே பிரக்டல். 1975 இல் மண்டல்புறோ அப்பெயரைச் சூட்டினார். எளிய சமன்பாடொன்றை இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு மீண்டும் மீண்டும் கணித்தே இவ்வுருவங்கள் பெறப்படுகின்றன; கணனியின்றி இது கைகூடாது. 1988 இல் பேர்ட் டைலர் எழுதிய சிறு செய்நிரலொன்றிலிருந்து வளர்ந்ததே பிரக்டின்ற். தசமக் கணிப்புக்கெனத் தனிச் சில்லு இல்லாத அக்காலத்துத் தனியாள் கணனிகளில் முழுவெண் கணிதத்தைக் கையாண்டு அது வேகத்தை ஈட்டியது. பெயரின் ஈற்றிலுள்ள ‘இன்ற்’ முழுவெண்ணையே சுட்டும்.

அதனை வளர்த்தோர் தம்மைக் ‘கற்சூப்புக் குழு’ என அழைத்துக்கொண்டனர். வழிப்போக்கன் ஒருவன் வெறுங்கல்லைக் கொதிக்கவைக்க, ஊரார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளை அப்பானையில் இட்டு நல்ல சூப்பாக்கிய ஐரோப்பிய நாட்டார் கதையே அப்பெயருக்கு மூலம். குழுவினர் ஊதியம் பெறவில்லை. பயன்படுத்துவோரிடம் பணமும் கேட்கவில்லை, மூலநிரலைக்கூட மறைக்கவில்லை. இவர்களின் பெருந்தன்மையை எவரும் மறுத்தற்கில்லை.

ஆயினும் உரிமப்பத்திரம் கூறுவது யாது? மாற்றஞ் செய்யப்படாத வடிவிலேயே பிரக்டின்றைப் பிரதி எடுத்து வழங்கலாம், விற்றலாகாது, வணிகப் பொருளொன்றுடன் சேர்த்து இலவசமாக வழங்குவதாயினும் மாற்றஞ் செய்யாத முழு வடிவிலேயே வழங்கல் வேண்டும். அதாவது, பானையிலுள்ள சூப்பை எவரும் பருகலாம். உப்புக் குறைந்ததென்று உப்பிட்டவன் அதனை அடுத்த வீட்டானுக்கு ஊற்றிக் கொடுத்தல் ஆகாது. கதையிலே ஊரார் அனைவரும் சமையற்காரர். உரிமப்பத்திரத்திலோ அவர்கள் விருந்தினர் மாத்திரமே.

றிச்சட் ஸ்ரோல்மன் 1985 இல் நிறுவிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை நான்கு சுதந்திரங்களை வகுத்துரைத்துள்ளது. எந்நோக்கத்துக்கும் இயக்குதல், ஆராய்ந்து தன் தேவைக்கேற்ப மாற்றுதல், பிரதிகளைப் பகிர்தல், மாற்றிய வடிவத்தையும் பகிர்தல் என்பன அவை. விலை என்ற சொல் இவற்றுள் எங்குமில்லை. டெபியன் அமைப்பு 1997 இல் வகுத்த நெறிகளும் இத்தன்மையனவே. விற்பனைத் தடையை அவை ஏற்பதில்லை. யூனிக்ஸ் வகைக் கணனிகளுக்கான பிரக்டின்ற் டெபியனின் ‘சுதந்திரமற்றவை’ என்னும் பிரிவிலேயே வைக்கப்பட்டது. இது நன்றிகெட்ட செயலென வருந்துவோர் உளர். நன்றி வேறு, வகைப்பாடு வேறு.

எதிர்மறையான உதாரணம் ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். 1985 இல் ஸ்ரோல்மன் தமது ஈமாக்ஸ் என்னும் பதிப்பிச் செய்நிரலை நாடாவிலே பதிந்து 150 டொலருக்கு விற்றார். வாங்கியவன் அதனை மாற்றலாம், பகிரலாம், விரும்பின் மறுபடி விற்கலாம். விலை கொடுத்து வாங்கிய அது சுதந்திரமானது. விலையின்றிப் பெற்ற பிரக்டின்ற் அவ்வாறன்று. ‘ஃப்ரீ’ எனும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும் ஆங்கிலேயர் இவ்விடத்தே தடுமாறுவதை மன்னிக்கலாம். இலவசம், சுதந்திரம் என இரு சொற்களையுடைய தமிழிலே இரண்டையும் ‘இலவச மென்பொருள்’ என எழுதுவோரை என்னென்பது! அயல்மொழியின் சொல்வறுமையை வலிந்து இறக்குமதி செய்தலன்றி இது வேறில்லை.

விற்பனைத் தடை இல்லையெனின் வணிகர் பிறர் உழைப்பைச் சுரண்டுவர் என்பது எதிர்த்தரப்பின் வலிமையான வாதம். சுரண்டலுக்கு அஞ்சுதல் தகும். ஆனால் ஜீ.பி.எல். எனும் பொது உரிமம் அதற்கு வேறு வழி காட்டியுள்ளது. விற்போன் விற்கலாம்; வாங்கியவனுக்கு மூலநிரலையும் அதே சுதந்திரங்களையும் மறுத்தல் மட்டும் இயலாது. வணிகனைக் கட்ட எண்ணி ஆசிரியனையும் மாணவனையும் சேர்த்துக் கட்டவேண்டிய தேவை இல்லை.

அழகிய படங்களுக்கு இத்துணை ஆரவாரம் ஏன் என்று ஏளனஞ் செய்வோரும் உளர். பிரக்டல் செய்நிரல் விளையாட்டுப் பொருள் மட்டுமன்று, கணித ஆய்வுக் கருவியுமாகும். பிரக்டின்ற் வேகங் கருதி ஒரு குறுக்குவழியைக் கையாளும்: சுற்றியுள்ள புள்ளிகள் ஒரே நிறமாயின் இடைப்பட்ட பகுதியைக் கணியாது ஊகித்து நிரப்பிவிடும். திரையிற் காண்பதில் எவ்வளவு கணித்தது, எவ்வளவு ஊகித்தது என அறிய மூலநிரல் வேண்டும். பிரக்டின்ற் அதனைத் தருகிறது, உண்மையே. ஆனால் குறையைக் கண்டு திருத்தியவன் அத்திருத்திய செய்நிரலைத் தன் மாணவருக்கு வழங்க முற்படும்போது உரிமப்பத்திரம் குறுக்கே நிற்கும். படித்தற்கு அனுமதி, திருத்திப் பரப்புதற்குத் தடை என்பது அறிவுத்துறைக்கு ஒவ்வாத ஏற்பாடு.

நல்லோராகிய அவர்களிடம் அனுமதி கேட்டாற் போதுமே என்பர் இறுதியாக. எவரிடம் கேட்பது? பலர் பல நாடுகளிலிருந்தும் கொம்பியூசேர்வ் வலையமைப்பினூடாகச் சேர்ந்து எழுதியது பிரக்டின்ற். ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தகைய குழு கலையும், முகவரிகள் மாறும், சிலர் மறைவர். தோமஸ் மார்ஷும் யான் ஹுபிச்காவும் எழுதிய கேயோஸ் என்னும் பிரக்டல் செய்நிரல் ஜீ.பி.எல். உரிமத்தின் கீழ் வெளிவந்தது. பிற்காலத்தே வேறு பலர் அதனைப் புதிய இயங்குதளங்களுக்கேற்ப மாற்றி எழுதினர். அவர்கள் எவர் வாயிற்படியிலும் அனுமதிக்காகக் காத்துநிற்க வேண்டியிருக்கவில்லை.