பாண்டவர் வீடும் பதுக்கையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குன்றுகளில் பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த சிற்றறைகள் உண்டு. சூளகிரிப் பகுதியிலுள்ள மல்லசந்திரத்துப் பாறைமேல் இவை கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. சிலவற்றின் ஒரு பலகையில் வட்டமான துளையும் இருக்கும். வனவாசத்தின்போது பாண்டவர் தங்கிய இடம் எனப் பெரியோர் இவற்றைப் ‘பாண்டவர் வீடு’ என்பர். சிலர் ‘குள்ளர் வீடு’ என்பர். எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டில் ‘மோரியர் மனை’ என்ற பெயர் வழங்குகிறது. பீமசேனர் இதற்குள் கால் நீட்டிப் படுத்திருக்க இயலுமா என்று சிறுவர் கேட்டால் விடை சொல்வது கடினமே!

ஆய்வாளர் இவற்றை ‘டால்மென்’ என்றனர். பிரான்சின் பிரித்தானிப் பகுதி மொழியில் அதன் பொருள் ‘மேசைக்கல்’. உருவத்தைக் கண்டு இட்ட பெயர், அவ்வளவே. தமிழில் கல்திட்டை என்கிறோம். திட்டை என்பது மேடு; தஞ்சைக்கு அருகிலுள்ள குருஸ்தலமாகிய தென்குடித்திட்டையை அறிந்தோர்க்கு இச்சொல் புதிதன்று. தரைக்குமேல் நிற்பது கல்திட்டை, மண்ணுக்குள் அமைந்தது கல்பதுக்கை.

பதுக்கை என்னும் சொல்லே பழமையானது. வழியில் இறந்துபட்டோர்மேல் குவித்த கற்குவியலைச் சங்கப் புலவர் அவ்வாறு குறித்தனர். மறைத்து வைத்தல் என்பதே வேர்ப்பொருள். இன்றோ அரிசிப் பதுக்கல், பணப் பதுக்கல் என்று அச்சொல்லின் உறவு குற்றப் பத்திரிகையோடு நின்றுவிட்டது!

ஆக, இவை வீடுகள் அல்ல, நீத்தார் நினைவிடங்கள். பர்கூர் வட்டத்தைச் சேர்ந்த மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதை 2022 மே மாதம் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்த மண்ணில் மாந்தர் வாழ்ந்து மறைந்த தொன்மை அத்தகையது.

‘அப்படியானால் அது தீட்டான இடமா?’ என்று பக்தர்கள் சிலர் ஐயுறுவர். அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை. மேல்பாடியில் தம் பாட்டனார் அரிஞ்சயருக்காக முதலாம் இராஜராஜர் எடுப்பித்த பள்ளிப்படை ஒரு சிவாலயமே. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் வேடியப்பனாகப் பொங்கல் ஏற்பவையும் பெரும்பாலும் வீரர்க்கு எடுத்த நடுகற்களே. முன்னோரை நினைத்த கல்லைத் தெய்வமாகக் கண்ட மரபு நம்முடையது.

இக்கற்களுக்கு ஊறு வருவது ஐயத்தால் அன்று, பேராசையால். புதையல் கிடைக்கும் என்று மூடுகல்லைப் புரட்டுவோர் ஒருபுறம்; பலகைக் கல்லை வேலிக்கும் வாய்க்காலுக்கும் பெயர்த்துச் செல்வோர் மறுபுறம். உள்ளே பொதுவாகப் பொன் இருப்பதில்லை. பானை ஓடும் துருப்பிடித்த இரும்பும் எலும்புத் துண்டுமே இருக்கும். பாண்டவர் வீடு என்ற நம்பிக்கை இருந்த ஊர்களில், கல்லைத் தொட மக்கள் அஞ்சினர். கதை சரித்திரம் அன்று. ஆயினும் பல தலைமுறைகள் அக்கற்களைக் காத்து நின்றது அந்தக் கதைதான். பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும் தாத்தா பாட்டிமார், பதுக்கை என்ற சொல்லையும் அதனோடு சேர்த்துச் சொல்லலாம்.